வேகத்தின் வரலாறு – 12: ஒரே செற் ரயர், ஐந்து புள்ளிகள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நின்றவர்கள் கவனித்திருப்பார்கள். படகு வந்து அணைகிற பக்கமெல்லாம் பழைய ரயர்கள் தொங்கும். லொறி ரயர், வான் ரயர், உழவு மெஷினின் பெரிய ரயர். கடல் எழும்பிப் படகை மேடையோடு மோதும்போது அடியை வாங்குவது அவைதான். எங்கள் தீவுகளில் ஒரு ரயர் தெருவில் ஓடி முடிந்ததோடு அதன் ஆயுள் முடிந்துவிடுவதில்லை. செருப்பாகும், வாளிக்கு அடியாகும், கடைசியில் கடலுக்கு வந்து சேரும்.

2005ஆம் ஆண்டு ஃபோர்முலா வண் பருவத்தை எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அந்த ரயர்கள். அந்த ஆண்டின் கதை முழுவதும் ரயரில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் மொழி பேசும் ஒருவர் அந்தப் போட்டியில் முதன்முதலாக ஓடியதும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ்.

சென்ற வாரம் கோயம்புத்தூரின் கரிவரதனைப் பற்றிப் பார்த்தோம். மாருதி காரின் சின்ன எஞ்சினை ஒற்றை இருக்கை வண்டியில் பூட்டி, ‘ஃபோர்முலா மாருதி’ என்று ஒரு பந்தய வகையையே உருவாக்கியவர். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த ஓடுபாதையில் அந்த வண்டிகள் ஓடின. 1993இல் அங்கே பந்தயம் ஓடிய பதினாறு வயதுப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 1977 ஜனவரி 14ஆம் திகதி, பொங்கலன்று பிறந்தவர். தகப்பன் ஜி. ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டத்தில் பெயர் எடுத்தவர். பெற்றோல் வாசம் வீட்டிலேயே இருந்தது.

ஆனால் வீட்டில் வாசம் இருப்பது வேறு, ஐரோப்பாவில் இடம் பிடிப்பது வேறு. 1992இல் பிரான்சின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போனார். 1994இல் பிரித்தானிய ஃபோர்முலா ஃபோர்ட் குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் ஃபோர்முலா ஏஷியா சாம்பியன். பிறகு மூன்று ஆண்டு பிரித்தானிய ஃபோர்முலா த்ரீ. 2001 ஜூனில் சில்வர்ஸ்டோன் பாதையில் ஜாகுவார் அணியின் வண்டியைச் சோதனைக்கு ஓட்டி, ஃபோர்முலா வண் கார் ஒன்றை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்தச் சோதனைக்கும் உண்மையான இருக்கைக்கும் நடுவில் இன்னும் நான்கு ஆண்டுகள் போயின. இந்த விளையாட்டில் திறமைக்குப் பக்கத்தில் பணமும் வந்து நிற்க வேண்டும். டாடா நிறுவனமும் பாரத் பெற்றோலியமும் துணைக்கு வந்த பிறகுதான் 2005 பெப்ரவரியில் ஜோர்டான் அணி அவர் பெயரை அறிவித்தது. வண்டி எண் 19.

ஜோர்டான் அப்போது இறங்குமுகத்தில் இருந்த அணி. எடி ஜோர்டான் என்ற ஐரிஷ்காரர் தொடங்கி, 1991இல் களத்துக்குக் கொண்டுவந்தது. மைக்கேல் ஷூமாக்கர் தன் முதல் பந்தயத்தை ஓடியது அந்த அணியின் வண்டியில்தான். 1998க்கும் 2003க்கும் இடையில் நான்கு வெற்றிகள். பிறகு காசு வற்றியது. 2005 தொடக்கத்தில் அலெக்ஸ் ஷ்னைடரின் மிட்லண்ட் குழுமம் அதை வாங்கியது. மஞ்சள் நிறம் மட்டும் அந்த ஒரு பருவம் மிஞ்சியிருந்தது. எஞ்சின் டொயோட்டாவினுடையது. ரயர் பிரிட்ஜ்ஸ்டோன்.

ரயரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு வந்த புது விதி இது: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு செற் ரயர். நடுவில் மாற்ற முடியாது. காற்றுப் போனால், சேதமானால் மட்டுமே விலக்கு. எஞ்சினும் இரண்டு வார இறுதிகளுக்குத் தாங்க வேண்டும். அதற்கு முன் மாற்றினால் புறப்படும் வரிசையில் பத்து இடம் பின்னுக்குப் போக வேண்டும். அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளும் ஷூமாக்கரும் ஃபெராரியும்தான் சாம்பியன்கள். 2004இல் 18 பந்தயங்களில் 13ஐ அவர் ஒருவரே வென்றிருந்தார். வேகத்தைக் குறைக்கவும் செலவைக் குறைக்கவும் என்று சொல்லித்தான் விதிகளைக் கொண்டுவந்தார்கள். பத்து அணிகளில் ஏழு மிஷெலின் ரயரில் ஓடின. ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மூன்றும் பிரிட்ஜ்ஸ்டோன். தேவைப்படும்போதெல்லாம் ரயர் மாற்றிப் பழகிய ஃபெராரி, ஒரே செற்றோடு 300 கிலோமீற்றர் ஓட வேண்டி வந்ததும் தடுமாறிப் போனது.

ஒரே செற்றில் கடைசி வரை போவது என்றால் என்னவென்று எங்கள் தலைமுறைக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவை விட்டு இடம்பெயர்ந்து வலிகாமத்தில் இருந்த காலம். பொருளாதாரத் தடை. மோட்டார் சைக்கிளைப் பெற்றோலில் சில சொட்டு விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஐயாவின் சைக்கிள் ஒன்றுதான். பின் ரயர் ஓர் இடத்தில் பிளந்து, ரியூப் வெளியே பிதுங்கத் தொடங்கியது. புது ரயர் வாங்க வழியில்லை. ஐயா பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து, வெளியே றப்பர் நாடாவால் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். அந்தக் கட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தெருவில் இடிக்கும். டக், டக், டக். கரியரில் இருக்கிற எனக்கு முதுகெலும்பு வரை தெரியும். ஐயா வேகத்தைக் கூட்டவே மாட்டார். “கட்டு அவிழ்ந்தா நடைதான் தம்பி” என்பார். அந்த ஒரு ரயரோடு எத்தனை மாதம் போனோம் என்று இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

பருவம் மார்ச் 6ஆம் திகதி மெல்பேணில் தொடங்கியது. மழை குழப்பிய தகுதிச் சுற்றில் நரேன் 12ஆம் இடத்தைப் பிடித்தார். கடைசி வரிசை அணியொன்றில், முதல் பந்தயத்தில், அது பெரிய காரியம். பந்தயத்தை 15ஆவதாக முடித்தார். இரண்டு வாரம் கழித்து மலேசியா, செப்பாங். எங்கள் பாட்டன்மார் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய நாடு. அங்கே தமிழர் பலர் பார்த்திருக்க, கொதிக்கும் வெயிலில் 11ஆவதாக வந்தார். முதல் எட்டு இடங்களுக்குத்தான் அப்போது புள்ளி. முதலாமவருக்கு 10, பிறகு 8, 6, 5, 4, 3, 2, 1.

முன்னணியில் நடந்தது வேறு கதை. ரெனோவின் பெர்னாண்டோ அலொன்சோ மலேசியா, பஹ்ரெய்ன், இமோலா என்று வரிசையாக மூன்றை வென்றார். அடுத்து ஸ்பெயினையும் மொனாக்கோவையும் மக்லாறனின் கிமி ரைக்கோனன் எடுத்துக்கொண்டார். மே 29, ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்.

அந்தப் பந்தயத்தின் பதிவை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ரைக்கோனன் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு சுற்றுப் பின்தங்கிய வண்டியைக் கடக்கும்போது பிறேக் பூட்டிக்கொள்கிறது. சக்கரம் சுழலாமல் தெருவில் தேய்கிறது. வலது முன் ரயரில் ஓர் இடம் தட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுழற்சிக்கும் அந்தத் தட்டை இடம் தெருவில் இடிக்கிறது. நேர்ப்பாதையில் சக்கரம் நடுங்குவது கமெராவிலேயே தெரிகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஐயாவின் சைக்கிள் கேட்கும். டக், டக், டக். ஆனால் இது மணிக்கு 300 கிலோமீற்றரில். உள்ளே வந்து மாற்றினால் வெற்றி போய்விடும். மாற்றாவிட்டால் ஆபத்து. அணி ஓட விட்டது. கடைசிச் சுற்றின் முதல் வளைவில், பிறேக் பிடித்த நொடியில், அந்த இடியைத் தாங்கித் தாங்கி இற்றுப்போன தாங்குகம்பிகள் முறிந்தன. வண்டி சுழன்று வெளியே போயிற்று. பின்னால் வந்த அலொன்சோ கடந்து போய் வென்றார். இடிக்கிற சக்கரத்தோடு வேகத்தைக் கூட்டக் கூடாது என்பது ஐயாவுக்குத் தெரிந்திருந்தது. மக்லாறன்காரர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. 10 புள்ளி கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது தெரிந்தது பயன்படவில்லை.

ஜூன் 12 மொன்றியல். சென் லோறன்ஸ் ஆற்றின் நடுவே மனிதர் மண் கொட்டி உருவாக்கிய தீவொன்றில் இருக்கிறது அந்த ஓடுபாதை. எங்கள் தீவுகளிலிருந்து போய் அந்த நகரில் குடியேறியவர்கள் ஏராளம். என் மாமா மகனும் அவர்களில் ஒருவன். உணவகத்தில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த காசில் நுழைவுச்சீட்டு வாங்கிப் போனான். நரேன் பாதித் தூரம் ஓடுமுன்பே வண்டி சேதமாகி ஒதுங்க வேண்டி வந்தது. ஆனாலும் போனில் அவன் குரல் தளரவில்லை. “ஹெல்மற்றுக்குள்ள இருக்கிறவன் தமிழிலதான் யோசிப்பான் மச்சான்” என்றான். இருபது பேர் ஓடுகிற களத்தில் ஒருவர் நம் மொழியில் யோசிக்கிறார் என்பதற்காக ஒருவன் இரண்டு வாரச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறான். அதை நான் வீண் செலவு என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு இண்டியானாபொலிஸ்.

அந்த ஓடுபாதையின் 13ஆம் வளைவு சாய்தளமாகக் கட்டப்பட்டது. முட்டை வடிவப் பழைய பாதையின் ஒரு துண்டு அது. ஃபோர்முலா வண் வண்டிகள் அந்த வலப்பக்க வளைவை முழு வேகத்தில் எடுத்தன. வண்டியின் பாரம் முழுவதும் இடப்பக்கச் சக்கரங்களில், அதிலும் பின் சக்கரத்தில், நொடிக்கணக்காக அழுந்தியது. அன்றைய ஃபோர்முலா வண்ணின் வேறெந்த வளைவிலும் ரயர் இப்படி ஒரு சுமையைச் சந்திக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் டொயோட்டாவின் றல்ஃப் ஷூமாக்கருக்கு இடது பின் ரயர் அங்கேதான் போனது. வண்டி மதிலில் மோதியது. முந்திய ஆண்டும் அதே வளைவில் மோதி முதுகில் காயப்பட்டவர் அவர். வேறு மிஷெலின் ரயர்களிலும் கோளாறு தெரிந்தது. காரணத்தை மிஷெலின் பொறியியலாளர்களால் உடனே பிடிக்க முடியவில்லை. பிரான்சிலிருந்து வேறு வகை ரயர்களை விமானத்தில் வரவழைத்தார்கள். அவையும் பாதுகாப்பானவை என்று உறுதி சொல்ல முடியவில்லை. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காமல் எங்கள் ரயரில் ஓட வேண்டாம் என்று தங்கள் ஏழு அணிகளுக்கும் சொல்லிவிட்டார்கள்.

வளைவுக்கு முன்னால் வேகத்தடுப்பாக ஒரு நெளிவு போடுங்கள் என்று அணிகள் கேட்டன. ஃபெராரி தவிர மற்ற ஒன்பதும் அதற்கு உடன்பட்டன. உலக மோட்டார் சம்மேளனம் மறுத்தது. சரியான ரயரோடு வந்தவர்களை அது தண்டித்ததாகிவிடும் என்றது. வளைவில் மெதுவாகப் போங்கள், அல்லது சுற்றுக்கு ஒருமுறை, வண்டிகள் ஒதுங்கி நிற்கும் பிற் பாதைக்குள்ளால் போங்கள், அல்லது பாதுகாப்புக்காக ரயரை மாற்றுங்கள் என்றது. இழுபறி பந்தய நேரம் வரை நீடித்தது.

நெளிவைப் போட்டு, புள்ளி கிடையாது என்று அறிவித்தாவது இருபது வண்டிகளையும் ஓட விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அப்படி ஒரு யோசனை அன்றே மேசையில் இருந்தது. ஆனால் மிஷெலின் எடுத்த முடிவில் நான் குறை காண மாட்டேன். தன் பெயர் உலகத்தின் முன்னால் கெடும் என்று தெரிந்தே, ஓடாதீர்கள் என்று சொன்னது அந்த நிறுவனம். பதினான்கு ஓட்டிகளும் அன்றிரவு இரண்டு காலில் நடந்து விடுதிக்குப் போனார்கள்.

அணிவகுப்புச் சுற்றுக்கு இருபது வண்டிகளும் கிளம்பின. அரங்கில் லட்சம் பேரளவில் கூட்டம். சுற்று முடிவில், முதல் இடத்தில் நிற்க வேண்டிய டொயோட்டாவின் யார்னோ ட்ருல்லி வலப்பக்கம் திரும்பிப் பிற் பாதைக்குள் போனார். பின்னால் அலொன்சோ, ரைக்கோனன் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு வண்டிகள். புறப்படும் கோட்டில் மிஞ்சியவை ஆறு. முன்னால் இரண்டு சிவப்பு ஃபெராரிகள். நடுவே வெறுந் தெரு. வெகு பின்னால், கடைசி வரிசைகளில், இரண்டு மஞ்சள் ஜோர்டான்களும் இரண்டு மினார்டிகளும். விளக்கு அணைந்தது. அவை ஓடத் தொடங்கின.

கூட்டம் ஊளையிட்டது. காசு கொடுத்து, தூரத்திலிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்கு முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. பாதைக்குள் போத்தல்கள் வந்து விழுந்தன. அந்தப் போத்தல்களுக்கு நடுவால் 72 சுற்று ஓடினார் நரேன்.

ஷூமாக்கர் முதல், பரிக்கெல்லோ இரண்டாம். ஷூமாக்கருக்கு அந்த ஆண்டு முழுவதிலும் கிடைத்த ஒரே வெற்றி அது. ஜோர்டானில் நரேனின் கூட்டாளி, போர்த்துக்கலின் தியாகோ மொன்ரெய்ரோ மூன்றாம். நரேன் நான்காம். மினார்டியின் அல்பேர்ஸும் ஃபிறீசாக்கரும் ஐந்தாம், ஆறாம். ஓடிய ஆறும் முடித்தன. மேடையில் ஃபெராரிக்காரர் இருவரும் சிரிக்காமல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட, மொன்ரெய்ரோ மட்டும் நின்று ஷாம்பேன் போத்தலைக் குலுக்கித் தெளித்தார். அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. வாழ்நாளில் ஒருமுறை ஏறிய மேடை அது. அவர் மகிழ்ந்ததில் தவறில்லை.

இலங்கையில் அப்போது நடுச்சாமம். நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சானல் வராது. ஆனி மாதம், நயினாதீவு நாகபூசணி அம்மனின் திருவிழாக் காலம். ஏ9 வீதி திறந்து மூன்று ஆண்டாகியிருந்ததால் வன்னியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சனம் வந்துகொண்டிருந்தது. திங்கள் விடியற்காலை போன் அடித்தது. “மச்சான், எங்கட பொடியன் நாலாவது! ஐஞ்சு பொயின்ற்!” அதன் பிறகுதான் மாமா மகன் மிச்சக் கதையைச் சொன்னான். அன்று ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் ‘பாதை’ என்கிற மிதவையில் போகும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாலைந்து பேருக்கு நான் அதைச் சொன்னேன். ஒரு பெரியவர் கேட்டார்: “மற்றவை ஓடேல்லையெண்டால் அது என்ன வெற்றி தம்பி?”

பதில் சொல்லப் பாதைப் பயணம் போதவில்லை. இப்போது சொல்கிறேன். ஆறு பேரில் நான்காவது என்பது உண்மை. கூட்டாளிக்குப் பின்னால் வந்தார் என்பதும் உண்மை. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆண்டின் விதி என்ன கேட்டது? ஒரு செற் ரயரோடு இந்தப் பாதையில் தகுதிச் சுற்றும் ஓடி, பந்தயத்தையும் முடித்துக் காட்டு என்று கேட்டது. பணமும் வேகமும் நிறைந்த ஏழு அணிகளால் அன்று அது முடியவில்லை. மற்ற நாட்களில் அவர்களை முன்னே தள்ளிய அதே ரயர், அன்று அவர்களைக் கைவிட்டது. அதே சாய்தளத்தில் 72 தடவை ஏறி இறங்கி, சுவரில் தட்டாமல், எஞ்சினைக் கெடுக்காமல் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு அந்த 5 புள்ளி உரியது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. இன்று வரை ஃபோர்முலா வண்ணில் இந்திய ஓட்டி ஒருவர் எடுத்த புள்ளிகள் அவை மட்டுமே.

பருவத்தின் மிச்சத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். மிஷெலின், இண்டியானாபொலிஸ் ரசிகர்களுக்கு நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. ரைக்கோனனின் மக்லாறன்தான் அந்த ஆண்டின் வேகமான வண்டி. ஆனால் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் இத்தாலியிலும் எஞ்சின் மாற்றியதற்காகப் பத்துப் பத்து இடம் பின்னால் நின்று புறப்பட வேண்டி வந்தது. செப்டம்பர் 25இல் பிறேசிலில் மூன்றாவதாக வந்தே அலொன்சோ சாம்பியன் ஆகிவிட்டார். வயது 24. 1972இல் எமர்சன் ஃபிட்டிபால்டி வைத்த இளவயதுச் சாதனை 33 ஆண்டுக்குப் பிறகு முறிந்தது. ஆளுக்கு ஏழு வெற்றி. புள்ளியில் 133க்கு 112. நூர்பர்க்ரிங் மட்டும் மாறியிருந்தால் ரைக்கோனன் வென்றிருப்பார் என்று சொல்பவர்கள் கூட்டிப் பார்க்கட்டும்: அப்போதும் 131க்கு 122தான். ஆனால் ஜப்பானின் சுசுக்காவில் 17ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு, கடைசிச் சுற்றில் முதலிடத்தைப் பிடித்தாரே, அந்தப் பந்தயத்துக்காக அவரை எந்தச் சாம்பியனுக்கும் பக்கத்தில் நிறுத்தலாம்.

அதே சுசுக்காவில் நரேன் தகுதிச் சுற்றில் 11ஆவது. ஆறு கார் பந்தயத்தை வைத்து மட்டும் அவரை அளப்பவர்கள் அந்த 11ஐயும் மெல்பேண் 12ஐயும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒக்டோபர் 16, ஷாங்காயில் கடைசிப் பந்தயம். அவர் வண்டி மதிலில் மோதிச் சிதறியது. ஆள் தப்பினார். ஜோர்டான் என்ற பெயரும் மினார்டி என்ற பெயரும் அன்றோடு களத்திலிருந்து மறைந்தன. அடுத்த ஆண்டே ரயர் மாற்றும் அனுமதி திரும்பி வந்தது. 2006 முடிவில் மிஷெலினும் விலகிக்கொண்டது. ஜோர்டானின் தளமும் ஆட்களும் மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பொயின்ற் என்று கைமாறி, இன்று அஸ்ரன் மார்ட்டின் என்ற பெயரில் ஓடுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்த ஆண்டு முடியுமுன்பே நிலைமை கெடத் தொடங்கியது. 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது. அதற்கு முன் விடுமுறைக்கு வந்த ஓர் உறவினரிடம் மாமா மகன் ஒரு சின்னப் பொதி கொடுத்து அனுப்பியிருந்தான். பிள்ளைகளுக்குச் சொக்லேற், எனக்கு ஒரு பழைய மாத்திரைப் போத்தல். போத்தலுக்குள் புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று. மொன்றியலில் பந்தயம் முடிந்து கூட்டத்தைப் பாதைக்குள் விட்டபோது பொறுக்கியதாம். ஓடும்போது ரயரிலிருந்து உரிந்து, உருண்டு, ஓரத்தில் குவிகிற றப்பர். விரலால் அழுத்தினால் இன்னும் மெத்தென்று அமிழும். ஒரு பக்கத்தில் மணல் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. யாருடைய வண்டியில் இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. மிஷெலினா பிரிட்ஜ்ஸ்டோனா என்றும் சொல்ல முடியாது. இதை எழுதும்போது மேசையில் அந்தப் போத்தலைத்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம்: 2010. தகுதிச் சுற்று நாளில்தான் தன் வண்டியை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த சென்னை இளைஞர் கருண் சந்தோக்.

(தொடரும்)